தட்டிக்கொடுத்த கைகள்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே ஊரை நெருங்கி வந்து நிற்கிறது. அடிவாரத்தில் வயல்கள் சூழ நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். பகை கொண்ட சோழன் அன்பளிப்பாக அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்தவர் என்பது தலபுராணம். சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம் என்று தென்பாண்டி நாட்டார் ஐம்பூதங்களுக்கும் ஐந்து கோயில்களைச் சொல்வார்கள். சிவராத்திரி அன்று ஐந்தையும் ஒரே நாளில் வலம் வருவோர் உண்டு. காற்றின் தலமும் வெளியின் தலமும் அருகருகே அமைந்த இந்த மண்ணில், மூச்சு என்பதே அன்றாட உழைப்பாகிப் போன குழந்தைகளைப் பற்றி எழுத நினைத்தோம்.

அந்த நோய்க்கு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் எதுவும் இல்லை. மருத்துவர்கள் 'சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ்' என்கிறார்கள். கணையத்தில் நீர்ப்பைகளும் நார்த்தழும்புகளும் தோன்றுவதைக் கண்டு வைத்த பெயர். ஆனால் குழந்தையைப் பெரும்பாலும் கொல்வது கணையமல்ல, நுரையீரல். உடலின் உயிரணுச் சுவர்களில் உப்பும் நீரும் கடந்து செல்ல ஒரு வாயில் இருக்கிறது. அந்த வாயிலைக் கட்டும் மரபணு பழுதாகப் பிறந்த குழந்தைக்கு, மூச்சுக்குழல்களை நனைத்திருக்க வேண்டிய மெல்லிய நீர்ப்படலம் வற்றிவிடும். சளி பசைபோல் இறுகும். இறுகிய சளியில் கிருமிகள் குடியேறும். பிறகு வாழ்நாள் முழுவதும் அக்கிருமிகளோடு போராட்டம். அப்போராட்டத்தில் நாள்தோறும் களத்தில் நிற்பவர்கள் தாயும் தந்தையுமே. மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். பெற்றோர் ஒரு நாளைக்கு இரண்டு முறை குழந்தையின் முதுகைத் தட்டுகிறார்கள். மருத்துவ வரலாறு கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களால் எழுதப்படுவது வழக்கம். இந்த நோயின் வரலாற்றை வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

* * *

முதல் அறிகுறியைக் கண்டவர்கள் தாய்மார்களாகத்தான் இருக்க வேண்டும். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரித்தால் அந்தக் குழந்தை நெடுநாள் தங்காது என்ற நம்பிக்கை ஐரோப்பிய நாட்டார் வழக்கில் நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. 1857இல் சுவிட்சர்லாந்தில் அச்சான குழந்தைப் பாடல் தொகுப்பொன்றிலும் அது பதிவாகியுள்ளது. சூனியம் பிடித்த குழந்தை என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். காரணம் தவறு, கவனிப்பு துல்லியம். நம் தாய்மார் உச்சி மோந்து பழகியவர்கள். நாவைவிட மூக்கு முந்திக்கொள்ளும் மரபில் இப்படியொரு பழமொழி பிறக்காமல் போனதில் வியப்பில்லை. தவிர, சித்திரை வைகாசி வெயிலில் ராஜபாளையத்துக் குழந்தை எதன் நெற்றிதான் உப்புக் கரிக்காது?

1938இல் நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூற்று மருத்துவராக இருந்த டோரதி ஆண்டர்சன், 49 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து இது தனியொரு நோய் என்று நிறுவினார். அதற்கு முன் அவர்கள் நிமோனியா, வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு என்ற வெவ்வேறு பெயர்களில் இறந்துகொண்டிருந்தார்கள். 1948 கோடையில் நியூயார்க்கைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வெப்பத்தில் துவண்டு அதே மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலர் ஏற்கெனவே இந்த நோயாளிகள். ஏன் இவர்கள் மட்டும் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்ட பால் டி சான்ட்'ஆக்னீஸ், அவர்களது வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953இல் வெளியிட்டார். 1959இல் கிப்ஸன், குக் என்ற இருவர் தோலில் மெல்லிய மின்னோட்டத்தால் மருந்தைச் செலுத்தி வியர்க்கவைத்து அளக்கும் முறையை வகுத்தார்கள். வியர்வையின் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலை எட்டினால் நோய் ஏறத்தாழ உறுதி. இன்றும் அதுவே அடிப்படைச் சோதனை. ஒரு தாயின் உதடு அறிந்ததை அளவுகோலில் ஏற்ற நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

உப்பின் கதை நம் நிலத்துக்கு இன்னும் நெருக்கமானது. குளிர்நாட்டில் இக்குழந்தைகளின் உப்பிழப்பு எப்போதோ வரும் ஆபத்து. நம் கோடையில் அது ஆண்டுதோறும் வரும் ஆபத்து. இந்தியக் குழந்தைகளில் கணிசமானோர் இருமலுக்கு முன்பே உடலின் உப்பு வற்றி, வாந்தியும் சோர்வுமாக மருத்துவமனைக்கு வருவதை மருத்துவர்கள் குறித்துள்ளனர். நீராகாரத்தில் ஒரு கல் உப்பைக் கூடுதலாகப் போடும் வீட்டு வழக்கத்துக்கு இந்த நோயில் மருந்தின் மதிப்பு உண்டு. மருத்துவர்களும் கோடையில் உணவோடு கூடுதல் உப்பைச் சேர்க்கவே சொல்கிறார்கள்.

* * *

இந்தியாவில் இந்த நோய் இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வெள்ளையரின் நோய் என்று பாடநூல்கள் கற்பித்தன, கற்றவர்கள் அதைத் தேடவில்லை, தேடாததால் காணவுமில்லை. 1960களின் பிற்பகுதியில் இந்தியக் குழந்தை மருத்துவ இதழ்களில் சில அறிக்கைகள் வெளிவந்தும் அந்த எண்ணம் அசையவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குடியேறிய இந்தியக் குடும்பங்களில் குழந்தைகள் இந்நோயோடு பிறப்பது தெரிந்த பிறகுதான், ஊரில் இருப்பவர்களுக்கும் இருக்கும்தானே என்ற கேள்வி வலுத்தது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கப்ராவும் உடன் பணியாற்றியோரும் வெளிநாட்டுக் கருவிக்குக் காத்திராமல் வியர்வைச் சோதனைக்கு உள்நாட்டிலேயே ஒரு முறையை உருவாக்கி 2002இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டு இந்தியக் குழந்தைகளின் நோய்ச் சித்திரத்தை எழுதினார்கள். சோதனை வந்ததும் நோயும் வந்துவிட்டது என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கைக்கு அடியில் இருப்பது துயரம். அதுவரை அக்குழந்தைகள் என்ன பெயரில் இறந்தார்கள்?

தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் விடை தெரியும். தொடர் இருமல், எடை ஏறாத உடம்பு, மாலைக் காய்ச்சல் என்றால் வீட்டுப் பெரியவர்கள் மாந்தம் என்பார்கள், கணை என்பார்கள், அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தால் சவலை என்பார்கள். மருத்துவரிடம் போனால் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று ஒரு பெயர் கிடைக்கும். குழந்தைப் பருவக் காசநோய்க்கான அச்சொல் ஒரு தலைமுறையாக நம் வீடுகளில் புழங்கி வந்தது. ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று காசநோய் மாத்திரைகள். தேறாவிட்டால் மீண்டும் ஒரு சுற்று. காசநோய் மலிந்த நாட்டில் முதல் ஐயம் அதன் மேல் விழுவதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டாம் சுற்று மருந்துக்கும் பலன் இல்லாதபோது மூன்றாவதாக ஒரு கேள்வி எழ வேண்டும். அந்தக் கேள்வி எழாத ஒவ்வொரு மாதமும் நுரையீரலின் ஒரு பகுதி மீளாமல் வடுப்படுகிறது.

எத்தனை குழந்தைகள்? 2006இல் வந்த ஓர் ஆய்வு, தொப்புள்கொடி இரத்தத்தில் பழுதுற்ற மரபணுவைத் தேடி, நாற்பதாயிரத்தில் ஒன்று முதல் லட்சத்தில் ஒன்று வரை என்று கணித்தது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன என்று கொண்டால், ஒவ்வோராண்டும் ஒன்பது முதல் இருபத்திரண்டு பேர். தாய்வழியும் தந்தைவழியும் ஒருசேரப் பழுதான பிரதி வந்தால் மட்டுமே நோய் தோன்றும். மாமன் மகளையும் அத்தை மகனையும் உரிமையாகக் கேட்டுக் கொடுக்கும் நம் வழக்கத்தில் அவ்விரண்டும் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடப்பவை. இருவரும் நோயின்றிப் பழுதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதில் தாயின் பங்கும் தந்தையின் பங்கும் சரிபாதி. 'அவள் வயிற்றுக் கோளாறு' என்ற பழிச்சொல்லுக்கு அறிவியலில் இடமே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எனவே, தேவதானத்திலோ சேத்தூரிலோ சத்திரப்பட்டியிலோ ஒரு வீட்டில் அப்படியொரு குழந்தை இருப்பதாக எண்ணிப் பார்ப்பது கற்பனையின் மிகை ஆகாது. ராஜபாளையத்து நூற்பாலையில் தந்தைக்கு வேலை. சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி நாடெங்கும் மருத்துவமனைகளில் காயங்களைச் சுற்றுகிறது. அவ்வீட்டுக் குழந்தைக்கு நோயின் பெயர் தெரிய வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து பலரும் அடுத்துச் செல்லும் இடம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டில் மருந்தகமாகத் தொடங்கிய அவ்விடத்தில் இன்று குழந்தைகளின் நுரையீரல் நோய்க்கெனத் தனிப் பிரிவும், இந்நோய்க்குரிய சோதனையும் தொடர் கவனிப்பும் உண்டு. தேவதானத்திலிருந்து அது ஓர் இரவுப் பயணம்.

* * *

வேலூரிலிருந்து திரும்பும் பெற்றோரின் பையில் மருந்துச் சீட்டோடு ஒரு கால அட்டவணையும் இருக்கும். அந்த அட்டவணைதான் இந்த நோயின் உண்மையான வரலாற்று ஆவணம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு பத்தாண்டு அடங்கியிருக்கிறது.

காலை எழுந்ததும் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து. பிறகு நெபுலைசரில் உப்புநீர். இரத்தத்தின் உப்பைவிட அடர்ந்தது. அது காற்றுக்குழல்களுக்குள் நீரை இழுத்து இறுகிய சளியை இளக்கும். ஆஸ்திரேலியாவில் கடலலைச் சறுக்கு விளையாடும் நோயாளிகளுக்கு மூச்சு இலகுவாக இருப்பதைக் கவனித்ததிலிருந்து கிளைத்த ஆய்வு இது. 2006இல் முடிவுகள் வெளியாயின. ஆண்டுக்கணக்கில் ஆய்வகங்கள் தேடியதன் ஒரு பகுதி விடை கடற்கரையில் கிடந்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் புட்டி உப்புநீர் என்பதால் நம் வீடுகளுக்கும் எட்டும்.

அடுத்து முதுகைத் தட்டுதல். குழந்தையை மடியில் குப்புறவோ ஒருக்களித்தோ சாய்த்து, உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து, மணிக்கட்டைத் தளர்த்தி, விலா எலும்புகளின் மேல் தாளம் தப்பாமல் தட்ட வேண்டும். அறைவதுபோல் சப்தம் வந்தால் கை தவறாகக் குவிந்திருக்கிறது என்று பொருள். குளம்படி போன்ற உள்ளீடற்ற ஓசை எழ வேண்டும். முதுகெலும்பிலும் வயிற்றிலும் கை படக் கூடாது. சாப்பிட்ட உடனே செய்யக் கூடாது. நுரையீரலின் பகுதிக்கேற்பக் குழந்தையைத் திருப்பித் திருப்பி இருபது முப்பது நிமிடம். சளியைத் துப்பத் தெரியாத சிறுபிள்ளை அதை விழுங்கிவிடும். பரவாயில்லை, மூச்சுக்குழலை விட்டு வெளியேறினால் போதும். வளர்ந்த பிள்ளைக்கு மூச்சை அடக்கி 'ஹா' என்று ஊதக் கற்பிக்கிறார்கள். தண்ணீர்ப் புட்டியில் குழாயை விட்டுக் குமிழி ஊதுவதும் சிகிச்சைதான். குழந்தைக்கு அது விளையாட்டு. உடலைச் சாய்த்துச் சளியை வடிக்கும் உத்தியை லண்டனில் வில்லியம் எவார்ட் 1901இலேயே விவரித்திருந்தார். அதை இந்நோய்க் குழந்தைகளின் அன்றாடக் கடமையாக்கியவர் 1957இல் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் தீவிரச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிய லெராய் மாத்யூஸ். நோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு வருவதற்குப் பதில், கண்டறிந்த நாளிலிருந்தே வீட்டில் சளியை அகற்றுங்கள் என்றார் அவர். பள்ளி வயதை எட்டாமல் இறந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவரிடம் பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள்.

வீட்டார் சுமந்த எல்லாமே பலன் தந்துவிடவில்லை. அதே காலத்தில் குழந்தையை இரவு முழுவதும் பனிப்புகை நிரம்பிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் படுக்கவைக்கும் முறையும் பரவியது. காலையில் படுக்கை நனைந்திருக்கும். தலைமுடி ஈரம் சொட்டும். பெற்றோர் நாள்தோறும் கருவியைக் கழுவி விரிப்பை உலர்த்துவார்கள். ஆண்டுகள் பல கழிந்து, அதனால் நுரையீரலுக்கு நன்மை இல்லை என்று ஆய்வுகள் காட்டின. 1970களில் கூடாரங்கள் மறைந்தன. மருத்துவம் தன் பிழையைத் திருத்திக்கொண்டது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த இரவுகளில் விழித்திருந்தவர்களுக்கு அது ஒரு வரி அல்ல.

தட்டி முடிந்தபின் கிருமிக்கொல்லி மருந்தை ஆவியாக உள்ளிழுத்தல். சளி அகன்ற பின்தான் மருந்து உள்ளே போய்ச் சேரும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் குடியேறுவது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ். பிறகு பின்தொடர்வது சூடோமோனாஸ். ஈரமான இடமெல்லாம் அதன் வீடு: தொட்டி, குழாய்முனை, சரியாக உலர்த்தாத நெபுலைசர்க் கிண்ணம். நுரையீரலில் நிலைத்துவிட்டால் தன்னைச் சுற்றி ஒரு பசைக்கோட்டை கட்டிக்கொள்ளும். பிறகு அதை முற்றாக வெளியேற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். நிலைப்பதற்கு முன்பே கண்டு உடனே தாக்கினால் விரட்டிவிடலாம் என்பதை டென்மார்க்கின் கோபன்ஹேகன் மருத்துவர்கள் 1980களில் தொடங்கிப் படிப்படியாக நிறுவினார்கள். ஆகவேதான் நலமாக இருக்கும்போதும் தொண்டைச் சளியை அவ்வப்போது சோதிப்பதும், கருவியைக் கழுவிக் கொதிநீரிலிட்டு உலர்த்துவதும்.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முந்தி வருவது பெற்றோரின் காது. இருமலின் ஒலி மாறுகிறது, இரவில் ஒருமுறை கூடுதலாக இருமுகிறது, சளியின் நிறம் அடர்கிறது, பிடித்த தோசையைப் பாதியில் வைத்துவிடுகிறது, மாடிப்படியில் நிற்கிறது. காய்ச்சல் இல்லாமலேயே தொற்று முற்றும் நோய் இது. 'நேற்றுப் போல் இல்லை' என்ற ஒரு வாக்கியத்தை நம்பி மருத்துவர் இரண்டு வார ஊசி மருந்தைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்ல உரிய கல்வி எந்தக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை.

* * *

வீடு சிகிச்சைக்குத் தகுந்த இடமா என்ற ஐயம் எழலாம். ஓட்டு வீடு, ஒற்றை அறை, புகையும் அடுப்பு. இங்கே நுட்பமான மருத்துவம் நடக்குமா? இந்தக் கேள்விக்கு உலகுக்கே விடை சொன்ன ஊர் சென்னை என்பது நம்மில் பலர் மறந்துபோன செய்தி.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து உருவாக்கிய அம்மையத்தின் பொறுப்பை வாலஸ் ஃபாக்ஸ் ஏற்றிருந்தார். நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைக் காசநோய் மருத்துவமனையில் ஓய்வும் நல்ல உணவும் தந்து வைத்தார்கள். மறுபாதியினர் தங்கள் நெரிசலான வீடுகளிலேயே அதே மருந்தை உட்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவுமில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோய் விடுதிகள் மூடப்பட வழிவகுத்தவற்றுள் முதன்மையானது.

காசநோயும் இந்த நோயும் ஒன்றல்ல. அது ஒரு கிருமியால் வந்து மருந்தால் முடிவது. இது பிறப்போடு வந்து ஆயுள் முழுதும் தொடர்வது. ஆனால் சேத்துப்பட்டு கற்பித்த பாடத்தில் ஒரு பகுதி பொதுவானது. வீடு ஏழ்மையானது என்பதால் சிகிச்சை தோற்பதில்லை. மருந்து தவறாமல் வந்து சேர்வதும், வீட்டுக்கு யாரேனும் தொடர்ந்து வந்து விசாரிப்பதும் இல்லாதபோதே தோற்கிறது. அங்கே செவிலியரும் களப்பணியாளரும் நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தேவதானத்து வீட்டின் கதவைத் தட்ட இன்று அப்படி யார் இருக்கிறார்கள்?

* * *

மேலை நாடுகளில் இந்தக் கேள்விக்குப் பெற்றோர்கள் தாங்களே விடையானார்கள். 1955இல் அமெரிக்காவில் இந்நோய்க்கான அறக்கட்டளையைத் தோற்றுவித்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் பெற்றோர். 1964இல் பிரிட்டனிலும் அவ்வாறே. பணம் திரட்டினார்கள், சிகிச்சை மையங்களை வளர்த்தார்கள், நோயாளிகளின் பதிவேடு தொடங்கக் காரணமானார்கள். குழந்தைகளுக்குக் கோடை முகாம்கள் நடத்தினார்கள். தன்னைப்போல் இருமும் இன்னொரு பிள்ளையை முதன்முதலாகக் கண்ட மகிழ்ச்சி அம்முகாம்களில் பலருக்குக் கிட்டியது.

அந்த மகிழ்ச்சிக்குள் நஞ்சு இருந்தது. 1980களில் டொரன்டோவில் தொடங்கிப் பல மையங்களில், வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமியாக 1950இல் வால்ட்டர் பர்க்ஹோல்டர் விவரித்திருந்த ஒரு நுண்ணுயிர் இக்குழந்தைகளின் நுரையீரலில் காணப்பட்டது. சிலரைச் சில வாரங்களிலேயே அது கொன்றது. அது ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தாவுகிறது என்பது தெளிவானபோது முகாம்கள் மூடப்பட்டன. அன்றிலிருந்து இந்நோயுள்ள இரண்டு குழந்தைகள் நெருங்கி அமரக் கூடாது என்பது உலகெங்கும் விதி. உடன்பிறந்தோர் இருவருக்கும் நோய் இருந்தால் ஒரே கூரையின்கீழ் அந்த விதியை எப்படிக் காப்பது? பெற்றோர் மட்டும் கூடலாம், பிள்ளைகள் கூடாது. நோய் தரும் தனிமைகளில் இது ஒரு தனி வகை.

நம் நிலத்துக்கு உரிய ஓர் எச்சரிக்கையும் இங்கே உண்டு. அதே பர்க்ஹோல்டரின் பெயரைத் தாங்கிய இன்னொரு கிருமி, வெப்பநாடுகளின் ஈர மண்ணிலும் நெல்வயல் சேற்றிலும் வாழ்வது. மெலியாய்டோஸிஸ் என்ற கொடிய தொற்றைத் தருவது. தென்னிந்தியாவிலும் உள்ள கிருமி அது. ஏற்கெனவே பழுதுற்ற நுரையீரல் அதற்கு எளிய இரை. வயலும் வாய்க்காலுமாக வளரும் பிள்ளையை மழைக்காலச் சேற்றிலிருந்து விலக்கி வைப்பது என்பது தேவதானத்துப் பெற்றோருக்கு மட்டுமான கூடுதல் வரி. நியூயார்க் எழுதிய அட்டவணையில் அது இருக்காது.

* * *

1989இல் லாப்-சீ சூயி, ஜாக் ரியோர்டன், ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாவது குரோமோசோமில் அந்த மரபணுவைக் கண்டறிந்தன. பழுதான வாயிலையே சீராக்கும் மாத்திரைகள் அதன்பின் கால் நூற்றாண்டு உழைப்பில் பிறந்தன. முதலாவது 2012இல், மூன்று மருந்துகள் சேர்ந்த, பெரும்பாலான மேலைநாட்டு நோயாளிகளுக்குப் பொருந்தும் மாத்திரை 2019 அக்டோபரில். ஐந்து வயதைத் தாண்டுவதே அரிதாக இருந்த நோயில், அமெரிக்காவில் இப்போது பிறக்கும் குழந்தைக்கு அறுபது வயதுக்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். அம்மருந்துக்கான தொடக்க ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை தந்தது பெற்றோர் திரட்டிய அதே அறக்கட்டளை நிதி.

வெளிவந்தபோது அதன் விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு 3,11,000 டாலர். இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். இந்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரியநோய்க் கொள்கையில் இந்த நோய், பெருஞ்செலவு பிடிக்கும் மூன்றாம் தொகுதியில் சேர்க்கப்பட்டது. 2022இல் உதவித்தொகையின் உச்சவரம்பு ஐம்பது லட்சமாக உயர்ந்தது. அமெரிக்க விலையில் அது மூன்று மாதத்துக்குக்கூடக் காணாது. மாத்திரையோ ஆயுள் முழுதும் வேண்டும். 2023 பிப்ரவரியில் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் நாட்டுக் குடும்பங்கள் காப்புரிமைத் தடையை நீக்கக் கோரி ஒரே நேரத்தில் குரல் எழுப்பின. காப்புரிமை தடுக்காத அர்ஜென்டினாவில் அதே மருந்தை உள்நாட்டு நிறுவனம் குறைந்த விலையில் தயாரித்து வருகிறது. உலகின் மருந்துக்கடை என்று பெயர் பெற்ற நம் நாட்டுக்கு அது முடியாத வேலை அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விலை இறங்கினாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது பொருந்தாது. ஐரோப்பியரிடம் மிகப் பரவலான மரபணுப் பழுது இந்தியக் குழந்தைகளிடம் குறைந்த விகிதத்திலேயே காணப்படுகிறது. வேறு பல பழுதுகள் இங்கு உண்டு, அவற்றுள் சிலவற்றுக்கு இன்றைய மாத்திரைகள் வேலை செய்வதில்லை. ஆகவே இங்கே இன்னும் நெடுங்காலத்துக்கு உப்புநீரும் குவித்த கையும் கிருமிக்கொல்லியுமே துணை.

* * *

'தட்டிக்கொடுத்தல்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் ஊக்குவித்தல் என்றுதான் பொருள். பிள்ளையைத் தூங்கவைக்கத் தட்டுவோம், அழுகையை அடக்கத் தட்டுவோம், பரிசு வாங்கி வந்தால் முதுகில் தட்டுவோம். மூச்சு நிற்காமலிருக்கத் தட்டுவோர் சிலரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையெடுத்துக் கேட்பது பாராட்டு அல்ல. இரண்டாம் முறை காசநோய் மருந்து எழுதுவதற்கு முன் வியர்வையைச் சோதிக்க வேண்டும் என்ற ஒற்றை எண்ணம் ஒவ்வொரு வட்டார மருத்துவமனையிலும் உதிக்க வேண்டும். அச்சோதனைக்காக ஓர் இரவுப் பயணம் வேண்டியதில்லை என்ற நிலை வர வேண்டும். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்ட பின் இது பேராசையும் அல்ல. உள்நாட்டில் உருவாக்கிய முறை இருபதாண்டுகளுக்கு மேலாகக் கையில் இருக்கிறது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உறவிலோ தெருவிலோ, மூக்கைப் பிடிக்கவைக்கும் எண்ணெய்ப்பசை மலமும், தீராத இருமலும், தின்றும் ஏறாத எடையுமாக ஒரு குழந்தை இருந்தால், அதன் தாயிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா, மதினி?' ஆம் என்றால், வியர்வைச் சோதனை என்று ஒன்று இருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். நச்சாடையைத் தவிர்த்தருள தேவதானத்தில் சுவாமி இருக்கிறார். அந்த ஆடையை முதலில் தொட்டுப் பார்த்து ஐயுற வேண்டியது அருகில் இருப்பவர்களின் வேலை.